இல்லாத பிரேக்

இருபத்தாறு வருஷம்
கம்பியைப் பிடிக்காமல் நின்றவன்.
விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டு, வாயில் விசில்.
எண்ணூர் நெடுஞ்சாலையின் பள்ளங்களை
என் முழங்கால் மனப்பாடமாக வைத்திருந்தது.
எத்திராஜ் பிரேக்கை நினைக்கும்போதே
என் இடுப்பு பின்னால் சாய்ந்துவிடும்.

அப்படிப்பட்டவன்
வீட்டுக் குளியலறையில்,
எங்கேயும் ஓடாத தரையில்,
விழுந்தேன்.

மூளையில் ஒரு ரத்தக்குழாயில்
டிராபிக் நின்றுவிட்டதாம்.
டாக்டர் அப்படித்தான் சொன்னார்,
நான் கண்டக்டர் என்பதால்.

இடது கால் இப்போது
டிக்கெட் எடுக்காத பயணி.
கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறது.

ராயபுரத்தில் மருத்துவமனை மாடி.
கீழே மீன்பாடி வண்டிகளின் சத்தம்.
இடுப்பில் பெல்ட் கட்டி,
கூரைக் கயிற்றில் கொக்கி மாட்டி,
கண்களை முழுசாக மூடும் ஒரு பெட்டியைத்
தலையில் பொருத்துகிறாள் பெனிட்டா.
அவ்வளவுதான், ராயபுரம் இல்லை.
பனி. ஆளில்லாத சரிவு.
சிவப்புக் கொடிகளுக்கு நடுவே
இடமும் வலமுமாய்ச் சாய்ந்து சறுக்க வேண்டும்.

கீழே பார்த்தேன்.
எனக்குக் கால் இல்லை.
அந்த ஊரில் யாருக்கும் கால் கொடுப்பதில்லை போல.
பொய் சொல்வானேன்,
கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

"கால் இருக்கு சார்.
கண்ணால தேடாதீங்க. பாதத்தைக் கேளுங்க."

கேட்டேன்.
வலது உடனே பதில் சொன்னது.
இடது,
பூட்டிய பக்கத்து வீட்டில் ரேடியோ ஓடுவது போல
என்னவோ சொன்னது.

மூன்றாவது வாரம் பனி அலுத்துவிட்டது.
"ஐஸ்ல நான் எங்கம்மா போவப்போறேன்?
பஸ் இருந்தா போடு."
சிரித்தாள். நானும் மறந்துவிட்டேன்.
அவள் மறக்கவில்லை. நாலாபுறமும் படம் பிடிக்கும் கேமராவோடு
திருவொற்றியூரில் ஏறி,
கண்டக்டர் நிற்கிற இடத்தில் நின்று,
"வழிய மறைக்காதம்மா" என்று திட்டும் வாங்கி
ஒரு பஸ்ஸையே கொண்டுவந்திருந்தாள்.

மாட்டினாள்.
முன்கண்ணாடியில் எலுமிச்சையும் மிளகாயும்.
படியருகே ஐஸ் பெட்டியோடு ஒரு அம்மா.
மீன் வாசனை மட்டும் இல்லை.
புதுப் பையன் ஒருத்தன், என் சீருடையில்,
கம்பியில் சாய்ந்து போன் பார்க்கிறான்.
"தம்பி, படிக்கட்டப் பாரு, தொங்குறானுங்க!"
கத்தியேவிட்டேன்.
அவன் நிமிரவில்லை.
அறையில் யாரோ சிரித்தார்கள்.

டோல்கேட் தாண்டி
குறுக்கே ஒரு கன்டெய்னர் லாரி.
படத்தில் பிரேக்.

என் இடது கால்
அரையடி முன்னால் போய் ஊன்றியது.
நான் சொல்லவில்லை. பெனிட்டா சொல்லவில்லை.
ஏழு மாதமாய் எதற்கும் அசையாதது
இல்லாத பிரேக்குக்கு எழுந்துகொண்டது.
தரைதான் தன் பங்கைச் செய்யவில்லை.
குலுங்காத சிமெண்டில்
குலுக்கலுக்காகப் பின்னால் சாய்ந்தவன்
கயிற்றில் தொங்கினேன்.

"விழுந்துட்டீங்க சார்!"
"விழலம்மா.
பஸ்ஸுதான் நிக்கல."

சாயங்காலம் நிறுத்தத்தில் அமுலுவோடு.
இரண்டு பஸ்ஸை விட்டோம், கூட்டம்.
மூன்றாவதில் ஒரு மாணவன்
என் கைத்தடியைப் பார்த்து எழுந்தான்.
அந்த இருக்கையிலிருந்து
எத்தனை பேரை நான் எழுப்பியிருப்பேன்,
"படிச்சவன்தானே, மேல என்ன எழுதியிருக்கு?"
இன்றைக்கு அந்த எழுத்து என்னைப் படித்தது.

"ஒரு ஸ்டாப் மட்டும் நிக்கிறேன்" என்றேன்.
அமுலு வாதாடவில்லை.
பின்னாலிருந்து என் சட்டையைக்
கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.
வலது கை கம்பியில். வெட்கமாகத்தான் இருந்தது.

முதல் வேகத்தடை பழையது.
முழங்கால் வணக்கம் சொல்லிக் கடந்தது.
அடுத்தது நான் படுத்திருந்த மாதங்களில்
போட்டது போலிருக்கிறது.
கிழிந்தது சட்டைதான்.